மச்சான் விட்டுப்போன கற்கள்

செத்தவர் ஆசையாகக் கொடுத்துவிட்டுப் போனது என்று சொல்லி யாராவது எதையாவது வாசலில் கொண்டுவந்து இறக்கினால், முதலில் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்க்க வேண்டும். தராசுக்காரர் பார்த்தார். டெம்போவின் முன் சீட்டிலிருந்து குதித்து இறங்கிய மருமகனின் முகத்தில் துக்கம் என்று ஒன்றும் இல்லை. வீட்டைக் காலி செய்து வாடகைக்கு விடப் போகிறவனின் அவசரம்தான் இருந்தது.

"மாமா, அப்பா எழுதி வெச்சிருக்காரு. இந்த மூணு பெட்டியும் உங்களுக்கு."

உள்ளே என்ன என்று கேட்டார். திறக்கவில்லை என்றான். மாப்பிள்ளை கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்று அப்பா எழுதியிருக்கிறாராம். மாப்பிள்ளை என்றால் இவர்தான். செத்துப்போனவரின் தங்கையைக் கட்டியவர்.

தராசுக்காரருக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு குண்டூசி கொடுக்காத மச்சான், போய்ச் சேர்ந்து இருபது நாள் கழித்து மூன்று பெட்டி அனுப்புகிறார் என்றால் அதில் தங்கமா இருக்கப்போகிறது?

மச்சான் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடைத்தெருவில் அவருக்குப் பெயர் முள்ளு. எந்தக் கடைக்குப் போனாலும் கடைக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டார், தராசு முள்ளைத்தான் பார்ப்பார் என்பதால் வைத்த பெயர். தங்கை வீட்டுக்கு வந்தாலும் அதே கதைதான். தராசுக்காரரின் பட்டறை வீட்டின் முன்பக்கத்திலேயே இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வருவார். வாசலிலேயே நிற்பார். "கல்லை எடுத்து வைங்க மாப்பிள்ளை" என்பார். தங்கை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நிற்பாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு, தோள்பையிலிருந்து தன் சொந்தப் பாட்டிலை எடுத்துக் குடிப்பார். கூடப்பிறந்தவள் கையால் ஒரு மடக்குத் தண்ணீர் வாங்கிக் குடித்தால் அவர் உத்தியோகம் கரைந்துபோய்விடும் போல. என் வீட்டுத் தண்ணீரில் விஷமா கலந்திருக்கிறது என்று தராசுக்காரர் நாற்பது வருஷமாகப் பெண்டாட்டியிடம் கேட்டிருக்கிறார். அவள் ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

பெட்டிகளைத் தூக்க வந்த இரண்டு ஆட்களும் முதல் பெட்டியிலேயே மூச்சு வாங்கினார்கள். மூன்றாவதை இறக்கும்போது ஒருத்தன் கை வழுக்கியது. அடிப்பலகை பெயர்ந்தது. உள்ளே இருந்ததெல்லாம் தடதடவென்று தெருவில் கொட்டியது. இரும்பு எடைக்கற்கள். கிலோ கல், இரண்டு கிலோ கல், அரைக் கிலோ கல். தெரு கொஞ்சம் சரிவு. உருண்டையானதெல்லாம் தனக்குத் தோன்றிய கடைவாசலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒவ்வொரு கல்லிலும் ஒரு தகரத் துண்டு கம்பியால் கட்டியிருந்தது. தகரத்தில் ஆணியால் கீறிய எழுத்து. டீக்கடைக்காரர் உதவி செய்கிறேன் என்று ஒன்றைப் பொறுக்கினார். பொறுக்கினவர் சும்மா கொடுக்க வேண்டியதுதானே? வாய்விட்டுப் படித்தார்.

"பருப்புக் கடை. ரெண்டு கிலோ. அறுபது கிராம் குறைவு."

பிறகு ஆளுக்கொன்றைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். இனிப்புக் கடை, நாற்பது கிராம் குறைவு. ஆணிக் கடை, முப்பத்தைந்து. பழைய பேப்பர் கடைக்காரனின் கல்லில் மட்டும் நூற்றிருபது கிராம் அதிகம் என்று இருந்தது. அவன் விற்கிறவன் இல்லை, வாங்குகிறவன் அல்லவா? தொழில் தெரிந்த திருடன்.

விஷயம் இதுதான். முள்ளு முப்பது வருஷமாகப் பிடித்த கள்ளக் கற்கள் எல்லாம் அந்தப் பெட்டிகளில் இருந்தன. வழக்கு முடிந்ததும் உருக்கிவிட வேண்டிய கற்கள். அவர் உருக்கவில்லை. எப்படி வீட்டுக்குக் கொண்டுவந்தாரோ, எதற்குக் கொண்டுவந்தாரோ, சிலர் தபால்தலை சேர்ப்பதுபோல அவர் ஊரின் களவைச் சேர்த்துவைத்திருக்கிறார். சேர்த்ததைத் தன் மகனுக்குக் கொடுத்தாரா? மகன் நிம்மதியாக இருக்க வேண்டும். அதனால் தங்கை புருஷன் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார். இருந்தும் கெடுத்தான், செத்தும் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

மருமகன் டெம்போவில் ஏறிக்கொண்டே, "அத்தையைக் கேட்டதாச் சொல்லுங்க மாமா" என்றான். உள்ளே இருக்கும் அத்தையை இரண்டு எட்டு வைத்துப் பார்க்க அவனுக்கு நேரமில்லை.

மதியத்துக்குள் கடைத்தெரு முழுக்க வந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோருக்கும் இரண்டே ஆசை. தன் கல் யார் கண்ணிலும் படக்கூடாது. பக்கத்துக் கடைக்காரன் கல்லைத் தான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். தராசுக்காரர் யாரையும் படியேற விடவில்லை. கடைசியில் வியாபாரிகள் சங்கத் தலைவர் வந்தார். அந்தப் பருப்புக் கடை அவருடையதுதான். கல் அவருடைய அப்பா காலத்தது.

"அப்பா போட்டோவுக்குக் கீழே உக்காந்து வியாபாரம் பண்றேன். நாளைக்கு எவனாவது சிரிச்சான்னா நான் எங்க போய் நிக்கிறது? ஞாயித்துக்கிழமை காலையிலே வார்ப்புப் பட்டறையிலே உலை மூட்டச் சொல்லியிருக்கேன். எல்லாத்தையும் உருக்கிடலாம்."

தராசுக்காரருக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. அவர் பேட்டரி தராசு விற்று, கெட்டுப்போனதைச் சரிசெய்து, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருப்பவர். ஊரார் பாவத்தைத் தன் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்க அவருக்கு என்ன தலையெழுத்து? ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவந்து அள்ளிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

தலைவர் அதோடு போயிருக்கலாம். படியிறங்கிவிட்டுத் திரும்பி, "அதுவரைக்கும் நீங்களும் திறந்து பாக்காதீங்க" என்றார்.

அந்தச் சொல்தான் இவரைச் சுட்டது. என் வீட்டில், என் பெயருக்கு வந்து, என் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதை நான் பார்க்கக்கூடாதா? அறுபது கிராம் குறைத்து நிறுத்தவனின் மகன் எனக்கு ஒழுக்கம் சொல்லித்தருகிறானா? மறுநாள் காலையில் முதல் வேலையாக மூன்று பெட்டியையும் பட்டறைத் தரையில் கவிழ்த்தார். பெண்டாட்டி ஒரு பக்கம் உட்கார்ந்து கற்களைத் துணியால் துடைத்துக் கொடுத்தாள். இவர் தகரத்தைப் படித்துப் படித்து அடுக்கினார். ரசித்துத்தான் படித்தார், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தெருவில் வெள்ளைச் சட்டை போட்டு நடக்கிறவர்களில் பாதிப்பேர் அந்தத் தரையில் கிடந்தார்கள்.

கடைசியாக, உடைந்த பெட்டியின் மூலையில் ஒரு துணி மூட்டை இருந்தது. அவிழ்த்தார். எட்டுக் கற்கள், எல்லாம் ஒரு கிலோ. ஒன்றைத் திருப்பினார். அடியில், எடையைச் சரிக்கட்ட ஈயம் ஊற்றி அடைத்த குழியின் மேல், இரண்டு சின்ன வெட்டு.

அந்த இரண்டு வெட்டு அவருடைய அடையாளம். தேய்ந்துபோன கல்லை அவரிடம் கொண்டுவருவார்கள். அடிக்குழியில் ஈயம் சேர்த்து, எடையைச் சரிசெய்து, இரண்டு வெட்டுப் போட்டுக் கொடுப்பார். எட்டுக் கல்லிலும் அந்த வெட்டு இருந்தது. ஏழு தகரங்களில் ஒரே வாசகம்: "ஒன்றரை கிராம் குறைவு. வழக்கு இல்லை." எல்லாம் அவருக்குக் கல்யாணமான வருஷத்துத் தேதி.

"பாத்தியா உங்க அண்ணன் என்ன பண்ணியிருக்கான்னு? என்னையும் திருடன்னு எழுதி மூட்டை கட்டி வெச்சிருக்கான். வழக்கு இல்லையாம். தங்கச்சி புருஷன்னு மன்னிச்சு விட்டானாம். எவன் கேட்டான் இவன் மன்னிப்பை?"

அவள் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது கல்லைச் சுற்றி ஒரு பழைய காகிதம் இருந்தது. அதைப் பிரித்தபோது தன் கையெழுத்தே தன்னைப் பார்த்துப் பல்லிளிப்பதைக் கண்டார். தகரத்தில் இருந்தது இது: "வெங்காயக் கடை. ஒரு கிலோ. ஒன்றரை கிராம் குறைவு. தண்டனை ஆயிற்று." அதற்குக் கீழே, வேறொரு ஆணியால், கொஞ்சம் கோணலாக: "இவர் மேல் குற்றம் இல்லை. நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது."

வெங்காயக்காரரைக் கடைத்தெருவில் யாரும் வெங்காயக்காரர் என்று சொல்வதில்லை. ஒன்றரை என்றுதான் சொல்வார்கள். நாற்பத்திரண்டு வருஷத்துக்கு முன் தெரு நடுவில் அவருக்கு நல்ல கடை இருந்தது. ஒருநாள் முள்ளு திடீரென்று போய் நின்று கல்லைச் சோதித்தார். ஒன்றரை கிராம் குறைந்தது. போன வாரம்தான் தராசுக்காரரிடம் சரிசெய்து வாங்கினேன் என்று வெங்காயக்காரர் கதறினார். மாட்டிக்கொண்டவன் எல்லோரும் சொல்கிற பேச்சுதான். இன்ஸ்பெக்டர் தராசுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அப்போது இவருக்கு இருபத்தாறு வயது. அப்பா போய், பட்டறை கைக்கு வந்த முதல் வருஷம். தெருவே பார்க்க நிமிர்ந்து நின்று சொன்னார்: என் கையை விட்டுப் போகும்போது கல் சரியாகத்தான் இருந்தது, அடியில் அவன்தான் சுரண்டியிருக்க வேண்டும் என்று. சொன்னதை எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தக் காகிதம்தான் இது.

அந்த வாக்குமூலத்தால் குற்றம் ருசுவானது. லைசென்ஸ் போனது, கடை போனது. வெங்காயக்காரர் தெருமுனையில் ஒரு தள்ளுவண்டிக்கு வந்துசேர்ந்தார். மகளைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றரை மகள் என்று கூப்பிட்டார்கள். அதன் பிறகு யார் என்ன வாங்கினாலும், நிறுத்து முடித்தபின் ஒரு வெங்காயத்தைக் கூடுதலாக எடுத்துப் போடுவது அவர் வழக்கமாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று ஊர் அதற்கும் சிரித்தது. அப்படிச் சிரித்ததில் தராசுக்காரரின் பல்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

இப்போது எட்டுக் கல்லையும் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். பழைய நாள் தட்டுத் தராசை அவர் எறியவில்லை, மூலையில் இருந்தது. எட்டும் ஒன்றரை கிராம் குறைந்தது. ஒரு மயிரிழை அப்படி இப்படி இல்லை.

திருடுகிறவன் ஒன்றரை கிராமா திருடுவான்? எட்டுக் கடைக்காரர்கள் கூடிப் பேசி எட்டுக் கல்லிலும் ஒரே அளவா சுரண்டுவார்கள்? அப்படியானால் கல்லில் இல்லை குற்றம். எந்தக் கல்லோடு ஒப்பிட்டு இவற்றைச் சரிபார்த்தாரோ, அதில் அன்றைக்கே இருந்திருக்கிறது. பட்டறையில் அதற்கென்றே ஒரு பித்தளைக் கிலோ கல் உண்டு. தாய்க்கல் என்பார். அதன் மேல் வெறுங்கை படக்கூடாது. துணி போட்டுத்தான் தூக்க வேண்டும். விரல் அழுக்குப் பட்டால்கூட எடை மாறும். தாய்க்கல் எப்படி ஒன்றரை கிராம் குறையும்? எலி தின்றதா?

இதை அவர் தனக்குள் சொல்லவில்லை, உரக்கவே கேட்டார்.

"நான்தாங்க துலக்கினேன்" என்றாள் அவள்.

தராசுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணமாகி வந்த புதுசு. மாடத்தில் ஒரு பித்தளைச் சாமான் கறுத்துப்போய் நின்றது. வீட்டுப் பித்தளையெல்லாம் மின்ன வேண்டும், வந்தவள் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்ற பயம் அவளுக்கு. குடம், செம்பு, விளக்கோடு அதையும் சேர்த்துப் போட்டுச் செங்கல் தூளால் தேய்த்திருக்கிறாள். வாரத்துக்கு இரண்டு தடவை. எட்டு மாசம். தொடக்கூடாது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

"அது மின்னினது எனக்கு எப்படித் தெரியாம போச்சு?"

"தெரியுமே. நீங்கதானே பாத்துட்டுச் சிரிச்சீங்க. பொண்டாட்டி வந்த வீடுன்னா இப்படித்தான் பளபளன்னு இருக்கும்னு வந்தவங்ககிட்டல்லாம் காட்டினீங்க."

அதுவும் ஞாபகம் வந்தது. அந்தப் பாழாய்ப்போன ஞாபகம் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்ததோ. தராசுக்காரன் மகன், தாய்க்கல் பளபளத்ததைப் பார்த்து நெஞ்சு பதறாமல் பல்லைக் காட்டி நின்றிருக்கிறான்.

மீதியை அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வெங்காயக்காரருக்குப் பிறகு அண்ணன், அவர் கல்லோடு அதே வாரம் இவரிடம் சரிசெய்த வேறு ஏழு கடைக் கற்களிலும் அதே குறையைக் கண்டிருக்கிறார். சந்தேகப்பட்டு, இவர் வெளியே போயிருந்த நேரம் வந்து தாய்க்கல்லைப் பார்த்திருக்கிறார். யார் துலக்கியது என்று தங்கையைக் கேட்டிருக்கிறார். அவள் சொல்லிவிட்டாள். அவர் வேறு தாய்க்கல் கொண்டுவந்து மாடத்தில் வைத்துவிட்டு, ஏழு கடைக்கும் வேறு கல் கொடுத்துக் காதும் காதும் வைத்தமாதிரி முடித்துவிட்டார். மாப்பிள்ளையிடம் மூச்சு விடாதே என்றும் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்துதான் அவர் அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார்.

"நாப்பத்திரெண்டு வருஷமா? அண்ணனும் தங்கச்சியும் சேந்து என்னை முட்டாளாக்கி வெச்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன, உன்னைக் கடிச்சாத் தின்னிருப்பேன்?"

"அந்த வருஷம் சாப்பாட்டுல உப்பு குறைஞ்சுதுன்னு தராசுத் தட்டைத் தூக்கி எறிஞ்சீங்களே, செவுத்துல இருக்கு பாருங்க தழும்பு. அன்னைக்கு இருந்த ஆளுகிட்ட என்னால சொல்லியிருக்க முடியாதுங்க. பின்னாடி நீங்க மாறிட்டீங்க. பின்னாடி சொல்ல எனக்கு வாய் வரலை."

தராசுக்காரர் சுவரைப் பார்க்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே தெரியும்.

"அந்த மனுஷன் கடை போனது நம்மாலதான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். "அதனாலதான் வேற எங்கயும் நான் வெங்காயம் வாங்கறதில்லை. கூடப் போடுற ஒண்ணைத் திருப்பி வண்டியிலேயே வெச்சுட்டு வருவேன்."

அவ்வளவுதான் அவளால் முடிந்த பிராயச்சித்தம். அண்ணனால் முடிந்தது ஒரு பாட்டில் தண்ணீர், தகரத்தில் ஒரு கீறல். நேர்மையின் அவதாரம் என்று ஊர் பயந்த மனுஷன்! நான்கு மாசத்தில் உண்மை தெரிந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெங்காயக்காரருக்குக் கடை திரும்பியிருக்கும். ஆனால் தங்கை வீட்டுக் குட்டு உடையும், தன் வழக்கே தப்பு என்று ஆகும். அதற்கு மனசு வரவில்லை. எடைக்கல்லில் ஒரு மயிரிழையை மன்னிக்காதவர் தன் பொய்யை மட்டும் துணியில் முடிந்து பெட்டியடியில் போட்டுவிட்டார். உயிரோடு இருக்கும்வரை தைரியம் வராமல், செத்தபிறகு, இந்தா நீ சொல்லிக்கொள் என்று மாப்பிள்ளை மடியில் தள்ளிவிட்டிருக்கிறார். இதற்குப் பெயரா நேர்மை? இவருக்கு வந்த ஆத்திரத்தில் மச்சான் எதிரில் நின்றிருந்தால் அந்தக் கல்லாலேயே ஒரு போடு போட்டிருப்பார்.

அந்த ஆத்திரத்தின் நடுவில் இன்னொரு நினைப்பும் மெல்ல வந்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை உலை. எட்டுக் கல்லையும் மற்றதோடு சேர்த்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. காகிதத்தை அடுப்பில் வைத்தால் அதுவும் தீர்ந்தது. தராசுக்காரர் கை நிறுத்தால் குறையாது என்பது தெருவில் பேச்சு. அந்தப் பேச்சைத் தவிர எழுபதை நெருங்கும் இந்த வயசுக்கு அவர் சேர்த்தது வேறு என்ன? முழுசாக ஒரு நாள் அதை நினைத்துக்கொண்டு திரிந்தார். பெண்டாட்டியிடம் பேசவில்லை. அவளும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள்மேல் எரிந்துவிழுந்து, அந்தச் சாக்கில் கல்லை உலையில் போட்டிருப்பார்.

சனிக்கிழமை காலை எட்டாவது கல்லையும் காகிதத்தையும் பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனார்.

வெங்காயக்காரர் அழுகலைப் பொறுக்கித் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் ஒரு கணம் கை நின்றது. நாற்பத்திரண்டு வருஷத்தில் தராசுக்காரர் அந்த வண்டிக்கு முன்னால் நின்றதில்லை.

"என்ன வேணும்?"

"வாங்க வரலைங்க. ஒண்ணு சொல்லணும் உங்ககிட்ட."

அந்த 'ங்க' இவர் நாக்கில் பழகாத செருப்புப்போலக் கடித்தது. இருந்தாலும் சொன்னார். தாய்க்கல், செங்கல் தூள், எட்டுக் கல், மச்சானின் தகரம் எல்லாவற்றையும் சொன்னார். பெண்டாட்டி துலக்கினாள் என்பதை மட்டும் முதலில் விழுங்கப் பார்த்தார். பிறகு அதையும் சொல்லி, நான்தான் அதைப் பார்த்துச் சிரித்தேன், அதனால் குற்றம் என்னுடையது என்றார். கல்லையும் காகிதத்தையும் வண்டிப் பலகையில் வைத்தார்.

வெங்காயக்காரர் பொறுக்குவதை நிறுத்தவில்லை. நல்லது ஒரு பக்கம், அழுகல் ஒரு பக்கம் என்று கை போய்க்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுங்க."

"இதை எதுக்கு எனக்குச் சொல்றே?"

தராசுக்காரர் கல்லை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தார்.

"நான் சுரண்டலைன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமே. என் பொண்டாட்டிக்குத் தெரியும். அவ போய்ச் சேந்துட்டா. எம் பொண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சவங்கிட்டயே வந்து சொல்லிட்டு, நெஞ்சைத் தடவிக்கிட்டு வீட்டுக்குப் போகலாம்னு பாக்கிறியா? போய்த் தெரியாதவங்ககிட்ட சொல்லு."

காறித் துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். தராசுக்காரர் திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு எட்டு வைத்தார். எங்கே போய்ச் சொல்வது? கடை கடையாகவா? பிறகு வண்டிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். பலகையில் வைத்த கல்லையும் காகிதத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை கூட்டம். வெங்காயம் வாங்க வந்த முதல் ஆள் துணிக்கடைக்காரர். தராசுக்காரரை அங்கே பார்த்ததும் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. தகரத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். காகிதத்தைக் காட்டி, இந்தப் பொய்க் கையெழுத்து என்னுடையது என்றார். துணிக்கடைக்காரர் பாதியில் நழுவப் பார்த்தார். பையைப் பிடித்து நிறுத்தி முழுக்கச் சொன்னார். அடுத்து சலூன்காரர். அடுத்து பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா. அந்த அம்மா சின்ன வயசில் வெங்காயக்காரரின் மகளோடு படித்தவர். கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். சிலர், "பழசையெல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு" என்றார்கள். அவர்கள்மேல்தான் தராசுக்காரருக்கு அதிகம் கோபம் வந்தது. ஒன்றரை என்று நேற்றுவரை கூப்பிட்டபோது மட்டும் அது பழசாகத் தெரியவில்லையா? பத்து மணிக்குத் தொண்டை கட்டிவிட்டது. கட்டின தொண்டையோடு சொன்னார்.

செய்தி பருப்புக் கடைக்குப் போகாமல் இருக்குமா? சங்கத் தலைவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்ன ஒன்றரை, கடைக்குப் புதுசா ஆள் போட்டிருக்கே போல?"

வெங்காயக்காரர் நிமிரவே இல்லை. தராசுக்காரர் பெட்டியை விட்டு எழுந்தார்.

"ஒன்றரை இங்கே இருக்கேன். என்னைப் பாத்துக் கூப்பிடு. குறைஞ்சது என் கல்லு. பொய் சொன்னது என் வாய். அவரை இனிமே அப்படிக் கூப்பிட்டா நல்லா இருக்காது."

தலைவர் குரலைத் தாழ்த்தினார். வயசான காலத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், நாளைக்கு உலையில் எல்லாம் போய்விடும், யாருக்கும் சங்கடம் இல்லை என்று தோளில் கை வைத்தார். அந்தக் கையை இவர் எடுத்துவிட்டார்.

"ஒண்ணும் போகாது. வண்டி அனுப்பாதே."

"பெரியவரே, நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கிட்டேன், இல்லேங்கலை. அப்ப என் கல்லு அதுல இருக்கிறது எனக்குத் தெரியாது. அந்த மூணு பெட்டியையும் எனக்குத்தானே எழுதி வெச்சிருக்கான்? ஒவ்வொரு கல்லா எடுத்து நிறுக்கப் போறேன். முள்ளு ஒருத்தர் விஷயத்துல பொய்யை மறைச்சிருந்தா இன்னும் எத்தனை பேர் விஷயத்துல மறைச்சானோ. தப்பா மாட்டினவன் எவனாவது இருந்தா அவன் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். உங்க அப்பா கல்லைத்தான் முதல்ல வெக்கப் போறேன், வந்து பாத்துக்கோ. ஆனா அறுபது கிராம் என் பொண்டாட்டி துலக்கிக் குறைஞ்சிருக்காது, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் முகம் கறுத்தது. சங்கத்தைக் கூட்டுகிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்று ஏதோ முனகினார். கூட்டு, அங்கேயும் வந்து இதையே சொல்கிறேன் என்றார் தராசுக்காரர். தலைவர் வந்த வேகத்தில் போய்விட்டார்.

தராசுக்காரர் மறுபடியும் உட்கார்ந்தார். வெங்காயக்காரர் ஏதாவது சொல்வார் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். போனது போகட்டும் என்று ஒரு சொல். அதுகூட வேண்டாம், ஒரு செருமல்.

வெங்காயக்காரர் தராசுத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்தார். பிறகு, இவரைப் பார்க்காமலே சொன்னார்:

"கொஞ்சம் தள்ளி உக்காரு. வாங்க வர்றவங்களுக்கு வழி மறைக்குது."

தராசுக்காரர் பெட்டியை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பையை ஆட்டியபடி ஒரு பெண் வந்து அரைக் கிலோ கேட்டாள். அவள் அந்தத் தெருவுக்குப் புதுசு, யாரையும் தெரியாது. இருந்தாலும் அவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அம்மா, ஒரு நிமிஷம் இதைப் படிச்சுப் பாரும்மா" என்று தகரத்தை நீட்டினார்.